ஏரிக்கு ஒரு படி மேலே

அன்சி ஏரியைச் சைக்கிளில் சுற்ற வழி கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: கரையோரமாகவே போங்கள், சுமார் 40 கிலோமீட்டர், அரை நாள் போதும். நல்ல யோசனைதான். ஆனால் ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பாதையில் இறங்கியவருக்கு ஏரியைப் பார்க்க நேரம் கிடைக்காது. முன்னால் தடுமாறிப் போகும் குழந்தையின் சின்னச் சைக்கிள், அதன் பின்னால் ஓடும் அப்பா, எதிரே வேகமாக வரும் பந்தயக்காரர், குறுக்கே புகும் நாய் என்று கண் எந்நேரமும் பாதையிலேயே கிடக்கும். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஓர் ஏரியைத் தேடி இத்தனை தூரம் வருகிறவர் இந்தக் கூட்டத்தை எதிர்பார்த்து வருவதில்லை.

அமைதியான சாலைகள் இங்கே நிறையவே இருக்கின்றன. கரையை விட்டு ஒரு படி மேலே ஏற வேண்டும்; கரையிலேதான் ஓட்டுவேன் என்றால் விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். இந்த இரண்டையும் விதியாக வைத்துக்கொண்டு, ஒரு ஜூன் மாதத்தில் மேற்குக் கரையிலுள்ள சான் ஜோரியோ என்ற ஊரில் தங்கி நான் ஓட்டிய வழிகளை இங்கே எழுதுகிறேன். ஓட்ட ஓட்ட ஒன்று தெளிவாகப் புரிந்தது. மலையும் தண்ணீரும் இயற்கை கொடுத்தவை. இந்தச் சுத்தமும் இந்த அமைதியும் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, பணம் போட்டு, பல ஆண்டுகள் உழைத்து உண்டாக்கியவை.

ஏரி கிடக்கும் விதம்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், ஸ்விட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது மேல் சவோய் மாவட்டம். 1860இல்தான் சவோய் பிரான்சோடு சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 446 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 27 சதுரக் கிலோமீட்டர் பரப்பில், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது ஏரி. பனியாறு குடைந்து விட்டுச் சென்ற பள்ளம் இது. நடுவே துவான் என்ற ஊர் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் இரு கரைகளும் அங்கே நெருங்கிவிடுகின்றன. அதற்கு வடக்கே பெரிய ஏரி, தெற்கே சிறிய ஏரி. வடமுனையில் அன்சி நகரம். ஏரி நீர் அங்கே தியூ என்ற சிற்றாறாகப் பழைய வீதிகளுக்கு நடுவே புகுந்து வெளியேறி, ஃபியேர் ஆற்றில் கலந்து, அதன் வழியே ரோன் நதிக்குப் போகிறது.

சைக்கிளில் வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மலைகள் நிற்கும் திசையை. கிழக்கே செங்குத்தான சுவர்: வேரியே மலை, பல்வரிசைபோல நிற்கும் லான்ஃபோன் முகடுகள், அவற்றுக்கும் மேலே 2,351 மீட்டர் உயர்ந்த தூர்னெத். மேற்கே காடு போர்த்திய நீண்ட முதுகாக செம்னோ மலை, உச்சி 1,699 மீட்டர். தெற்கே போஜ் மலைத்தொகுதி. கிழக்கே இவ்வளவு பெரிய சுவர் நிற்பதால் காலை வெயில் கிழக்குக் கரைக்கு மிகத் தாமதமாகத்தான் வருகிறது. மேற்குக் கரையில் வெயில் விழுந்து வெகுநேரம் ஆனபிறகும் எதிர்க்கரை நிழலில் இருக்கும். மாலையில் நேர் எதிர்: செம்னோவின் நிழல் மேற்குக் கரையை மூட, கிழக்குக் கரையின் பாறைகள் கடைசிவரை ஒளியில் நிற்கும். கோடையில் காலையில் கிழக்குக் கரை, வெயில் ஏறும்போது மரநிழல் உள்ள மேற்குப் பாதை என்று பிரித்துக்கொண்டால் உடம்பு களைக்காது.

இன்னொன்று, பிரான்சில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே கடிகாரம் சுற்றும் திசையில், அதாவது அன்சியிலிருந்து முதலில் கிழக்குக் கரை வழியாகத் தெற்கே இறங்கி மேற்குக் கரை வழியாகத் திரும்பினால், வழி நெடுக ஏரி நம் பக்கத்திலேயே இருக்கும். நடுவே எதிர்வரிசைக் கார்கள் வந்து மறைப்பதில்லை.

விடியலில் கரைச்சுற்று

காலை ஆறரை மணிக்கு அன்சியின் அல்பினி கடற்கரை, ஏரிக்கரையைத்தான் அங்கே அப்படி அழைக்கத் தோன்றும் அளவுக்கு மணலும் புல்லும் விரிந்த இடம், காலியாக இருந்தது. படகுகளின் மேல் போர்த்திய துணிகளிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேரியே ஊரைத் தாண்டியதும் சாலை தண்ணீரை ஒட்டி வளைகிறது. பகலில் கார்கள் முட்டிமோதும் இதே சாலையில் அந்த நேரத்தில் ரொட்டிக்கடைக்குப் போகும் வண்டி ஒன்றிரண்டுதான் கடந்தன.

மாந்தோன் ஊரில் மரங்களுக்கு மேலே கோபுரங்களோடு ஒரு கோட்டை தெரிகிறது. ஆல்ப்ஸ் கணவாயில் பனியில் சிக்கிய வழிப்போக்கர்களுக்காக விடுதி அமைத்த புனித பெர்னார் இங்கேதான் பிறந்தார் என்பது ஊர் வழக்கு. மலையேறிகளின் காவல் புனிதராக அவரைத் திருச்சபை ஏற்றிருக்கிறது. மாந்தோனுக்கு அடுத்து ரோக் த ஷேர் என்ற பாறைமேடு ஏரிக்குள் நீண்டு நிற்பதால் சாலைக்கு இடமில்லை. கரையை விட்டு உள்ளே திரும்பி, மேட்டைச் சுற்றிக்கொண்டு தல்வாரில்தான் மறுபடி ஏரியைப் பார்க்கிறது. அந்தப் பாறைமேடு 1977 முதல் இயற்கைக் காப்பிடம். கரை முழுக்க வில்லாக்கள் எழுந்த ஓர் ஏரியில் அந்தக் காடு அப்படியே நிற்பதற்கு அதுவே காரணம்.

தல்வாரில் இறங்கி நின்றால் குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால் துவான் கோட்டை தெரியும். ஓவியர் செசான் 1896 கோடையில் தல்வாரில் தங்கியிருந்தபோது வரைந்த ‘அன்சி ஏரி’ ஓவியத்தில் இருப்பது இந்தக் காட்சிதான். ஓவியம் இப்போது லண்டனின் கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் நீரும் மலையும் நீலமும் பச்சையுமாக இறுகி, கிட்டத்தட்ட கல்லைப்போல் நிற்கின்றன. காலை நிழலில் அதே இடத்தில் நின்றபோது அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று தோன்றியது. காற்றில்லாத வேளையில் அந்த நீருக்கு அந்த இறுக்கம் உண்மையாகவே இருக்கிறது.

ஏரியின் தெற்கு முனை தூசார். இரண்டு சிற்றாறுகள் மலையிலிருந்து மணலும் வண்டலும் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய சதுப்பு நிலம் அங்கே நாணலும் மரமுமாக விரிந்திருக்கிறது. 1974இல் அதையும் காப்பிடமாக அறிவித்தார்கள். பீவர்கள் அங்கே வாழ்கின்றன. கரையில் உளி வைத்துச் செதுக்கியதுபோல் கூர்மையாகக் கடித்த அடிமரங்கள் அவை இருப்பதைச் சொல்கின்றன. சைக்கிளைப் பூட்டிவிட்டு மரப்பலகை நடைபாதையில் நடந்து பார்க்க வேண்டிய இடம். சக்கரங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

தூசாருக்குப் பிறகு மேற்குக் கரையில் நாம் ஓட்டுவது பழைய ரயில் பாதையில். அன்சியையும் ஆல்பர்வில்லையும் இணைத்த ரயில் நின்றுபோனபின் தண்டவாளங்களை அகற்றி, அந்த மண்மேட்டின் மேலேயே தார் போட்டு, கார்கள் வராத சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நன்மை இதில் உண்டு. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சரிவே தெரியாதபடி மட்டம் பிடித்திருக்கிறார்கள். மலைநாட்டின் நடுவே ஏழு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் கால் வலிக்காமல் ஓட்டுவது அந்தப் பழைய மட்டத்தால்தான்.

துவானில் பாதை ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. ரயிலுக்காகக் குடைந்தது. வெளியே முழங்கையில் வெயில் சுட்டுக்கொண்டிருக்க, உள்ளே நுழைந்த மறுகணம் குளிர் முகத்தில் அடிக்கிறது. கூரையில் விளக்குகள். பாறைச் சுவரில் ஈரம் பளபளக்கிறது. டயர் உருளும் ஓசையும் ஃப்ரீவீலின் டிக்டிக் ஒலியும் சுவரில் பட்டுப் பெருகித் திரும்பிவருகின்றன. வெளியே வந்ததும் கண் கூசி, கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய ஏரி முழுவதும் எதிரே விரிகிறது. அதற்கப்பால் சான் ஜோரியோ, செவ்ரியே என்று ஊர்கள். இந்தக் கரையோர நீருக்கடியில் கற்கால, வெண்கலக் கால மனிதர்கள் மரக்கால்கள் நட்டுக் கட்டிய குடியிருப்புகளின் எச்சங்கள் இருக்கின்றன. ஆல்ப்ஸைச் சுற்றி ஆறு நாடுகளில் உள்ள இத்தகைய 111 இடங்களை யுனெஸ்கோ 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அன்சி ஏரியின் இடங்களும் அதில் வந்தன.

இந்தப் பாதையின் குறை, பிரதான நெடுஞ்சாலை பல இடங்களில் இதை ஒட்டியே ஓடுகிறது என்பது. ஒன்பது மணியானால் அந்த இரைச்சல் காதை விடாது. அதற்குள் கரைச்சுற்றை முடித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் தெளிந்த கதை

செவ்ரியேயின் படகுத்துறையில் நின்று கீழே பார்த்தால் பல மீட்டர் ஆழத்தில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நகரத்துக்குக் குடிநீரே இந்த ஏரியிலிருந்து எடுக்கிறார்கள். இப்படி எப்போதும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கரையோர ஊர்களின் சாக்கடை நேராக ஏரியில் விழுந்தது. விடுதிகள் பெருகின, கழிவும் பெருகியது. தண்ணீர் கலங்கிக்கொண்டே வந்தது.

அதை முதலில் கவனித்து உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் போல் செர்வெத்தா. அவர் மருத்துவர், ஏரியில் முக்குளிப்பவரும்கூட. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு நீலமாகத் தெரிந்த ஏரி, உள்ளே மூழ்கியவருக்கு வேறுமாதிரி தெரிந்தது. அன்றைய அன்சி மேயர் ஷார்ல் போசோன் அந்த எச்சரிக்கைக்குச் செவிகொடுத்தார். 1957இல் கரையோர ஊராட்சிகள் சேர்ந்து ஏரிக்கென ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. ஒவ்வோர் ஊரும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அதன் கழிவுநீரை ஏரியிலேயே விடுவதில் பயனில்லை என்று முடிவெடுத்தார்கள். ஏரியைச் சுற்றி வளையமாகக் குழாய் பதித்து, எல்லா ஊர்க் கழிவையும் அதில் சேர்த்து, ஏரிக்குக் கீழே, நீர் வெளியேறும் பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிப்பது திட்டம். 1960களிலும் 1970களிலுமாக வேலை நடந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே அரசியலில் புழங்காத காலத்தில், சிறிய ஊராட்சிகள் கடன்பட்டுச் செய்த வேலை இது.

நான் ஓட்டிய கரைச்சுற்று ஏறக்குறைய அந்தக் குழாய் வளையத்தைத் தொடர்ந்துதான் போகிறது. குழாயைக் காண முடியாது, தண்ணீரைக் காணலாம். ஏரிக்கரையில் கண்டபடி கட்டடம் எழுப்புவதைத் தடுக்கும் கடலோரச் சட்டம் பிரான்சில் 1986இல் வந்தது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளும் அதில் அடங்குவதால் அன்சிக்கும் அது பொருந்தியது. ரயில் பாதையைச் சைக்கிளுக்குக் கொடுத்ததும் இதே வரிசையில் வந்த முடிவு. ஒரு முடிவு அடுத்ததற்கு வழிவிட்டிருக்கிறது.

ஃபோர்க்லா: கார்கள் தூங்கும் நேரத்து ஏற்றம்

இனி மேலே ஏறலாம். கீழே நெடுஞ்சாலையில் கார்கள் நெரியும்போது மலைச்சாலைகள் காலியாக இருப்பதற்குக் காரணம் எளியது. நகரத்திலிருந்து நகரத்துக்குப் போகிறவர்களுக்குப் பள்ளத்தாக்குச் சாலை போதும். மேலே உள்ள சாலைகள் சிற்றூர்களைச் சிற்றூர்களோடு இணைப்பதற்காகப் போட்டவை. பால் வண்டி, தபால் வண்டி, பள்ளிப் பேருந்து, டிராக்டர்: இவைதான் அவற்றின் போக்குவரத்து. ஆனாலும் தார் பழுதில்லாமல் இருக்கும். பனிக்காலத்தில் பால் கீழே இறங்கியாக வேண்டும், அதனால்.

தூசாரிலிருந்து கிழக்கே வெசோன், அங்கிருந்து மோன்மான் வழியாக ஃபோர்க்லா கணவாய், 1,157 மீட்டர். ஏரி மட்டத்திலிருந்து கணக்கிட்டால் 700 மீட்டருக்கு மேல் ஏற்றம். 2016இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் இந்தக் கணவாயைக் கடந்தது. சாலையோரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பலகை நட்டிருக்கிறார்கள். கணவாய்க்கு இன்னும் எவ்வளவு தூரம், நிற்கும் இடத்தின் உயரம், அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சரிவு என்று மூன்று செய்திகள் அதில் இருக்கும். 8 சதவீதம் என்றால் 100 மீட்டர் ஓட்டும்போது 8 மீட்டர் மேலே போகிறோம். படிக்கும்போது சின்ன எண். ஏறும்போது அது 6ஆ 9ஆ என்பதுதான் உலகத்திலேயே முக்கியமான செய்தி. 6 என்று கண்டால் ஒரு கியர் கூட்டலாம், உட்கார்ந்தே மிதிக்கலாம். 9 என்று கண்டால் ஆகச் சிறிய கியருக்கு இறங்கி, மூச்சை மிதிப்போடு இணைத்து, வேகத்தை மறந்துவிட வேண்டும்.

காட்டு நிழலில் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. வளைவின் உட்புறம் செங்குத்து, வெளிப்புறம் தணிவு. கார் வராத சாலையில் வெளிப்புறமாக அகன்று திரும்பினால் கால்களுக்குச் சில நொடி ஓய்வு கிடைக்கும். காடு விலகும் இடத்தில் மோன்மான் புல்வெளிகள். தூர்னெத் தலைக்கு மேலே நிற்கிறது. பழுப்பு மாடுகள் மேய்கின்றன. அவை தலையசைக்கும்போதெல்லாம் கழுத்து மணி ஒலிக்கிறது. காட்டில் ஏறும்போதே அந்த ஒலி கேட்கத் தொடங்கிவிட்டது. ஒரு கார் கடந்திருந்தாலும் அது காதில் விழுந்திருக்காது.

ஊர் நடுவே மரத்தொட்டியில் ஊற்றுநீர் விழுந்துகொண்டிருந்தது. பாட்டிலை நிரப்பும்போது, மண்வெட்டியோடு வந்த முதியவர் ஒருவர் வணக்கம் சொல்லி எந்த ஊர் என்று விசாரித்தார். தென்னிந்தியா என்றேன். தலையசைத்துவிட்டு தூர்னெத்தின் தோளைக் காட்டினார். “அங்கே மேகம் உட்காருகிறது பாருங்கள். மூன்று மணிக்கு இடி இடிக்கும். அதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.” அவர் சொன்ன நேரத்தில் நான் சான் ஜோரியோவில் இருந்தேன், கிழக்குக் கரை முழுவதும் மழைத் திரைக்குள் மறைந்திருந்தது. கோடையில் ஆல்ப்ஸில் பகல் வெப்பம் ஏறஏற மலைமேல் இடிமேகம் திரள்வது வழக்கம். உயரச் சாலைகளை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது இங்கே ஓட்டும் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி.

கணவாய் வரை ஏரி கண்ணில் படாது. உச்சிக்கு வந்து சில அடி நகர்ந்ததும் கீழே ஏரி முழுவதும் ஒரே பார்வையில் கிடக்கிறது. துவானின் மூக்கு, எதிரே செம்னோ, தண்ணீர் ஆழத்துக்கேற்பக் கரையில் பச்சையாகவும் நடுவில் கருநீலமாகவும். பாராகிளைடர்கள் இந்தப் பக்கமிருந்துதான் குதித்துக் கிளம்பி, ஏரிக்கு மேலே வட்டமிட்டு, தூசாரின் புல்வெளியில் இறங்குகிறார்கள். தல்வார் பக்கம் இறங்கும் சாலை மிகச் செங்குத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ரிம் சூடேறும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டுவிட வேண்டும். கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம்; விரல்கள் மரத்துப்போகும்.

செம்னோவைச் சுற்றி

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓட்ட முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவருக்கு நான் கரைச்சுற்றைச் சொல்ல மாட்டேன். செம்னோ மலையைச் சுற்றிவரும் வழியைச் சொல்வேன். ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

சான் ஜோரியோவிலிருந்து நெடுஞ்சாலையைத் தொடாமல் சான் தூஸ்தாஷ் என்ற சிற்றூர் வழியாக மேலே போகும் சாலை லெஷோ கணவாய்க்குக் கொண்டுசெல்கிறது. 897 மீட்டர். ஏற்றம் சீரானது, புதிதாக மலையேறுபவருக்கும் கைகூடும். திரும்பிப் பார்க்கும் இடமெல்லாம் ஏரி சின்னதாகிக்கொண்டே வரும். கணவாய்க்கு அந்தப் பக்கம் போஜ் மலைநாடு. ஏரியின் தடயமே இல்லை. அகன்ற கூரை வீடுகள், அடுக்கிவைத்த விறகு, வைக்கோல் வாசம், நீண்ட புல்வெளி. 1995 முதல் இது வட்டார இயற்கைப் பூங்கா. இங்கே செய்யும் தோம் பாலாடைக்கட்டிக்கு 2002இல் புவிசார் அடையாளம் கிடைத்தது. சாம்பல் நிறத்தில் பூஞ்சை படிந்த தடித்த தோல், உள்ளே இளமஞ்சள், வாயில் கொஞ்சம் ஈர மண்வாசம். ரொட்டியோடு ஒரு துண்டு தின்றால் அடுத்த இருபது கிலோமீட்டருக்குப் பசியே இல்லை.

கீழே ஷெரான் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி மேற்கே திரும்பினால் அபீம் பாலம் வருகிறது. 1887இல் கட்டிய தொங்குபாலம். அடியில் 90 மீட்டருக்கு மேல் ஆழத்தில் ஆறு. பாலத்தின் நடுவே நின்றால் ஆற்றின் சத்தம் ஒரு மெல்லிய சீறலாக மட்டும் மேலே வருகிறது. எதிரே செம்னோவின் சரிவில் சான் ஜாக் கோபுரங்கள் எனப்படும் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் நிற்கின்றன. அதன்பின் க்ருஃபி, கான்தால் என்று மேய்ச்சல் நிலங்களூடே ஏறி இறங்கி அன்சிக்குத் திரும்பலாம்.

வலுவுள்ளவர்கள் கான்தாலிலிருந்து செம்னோ உச்சிக்கே ஏறலாம். 10.7 கிலோமீட்டர், சராசரி 8.5 சதவீதம். 2013இல் நூறாவது டூர் டி பிரான்சின் கடைசி மலை இதுதான். கொலம்பியாவின் இளைஞர் நைரோ கின்தானா இங்கே வென்றார். கிறிஸ் ஃப்ரூம் ஒட்டுமொத்த வெற்றியை இங்கே உறுதிசெய்தார். உச்சியில் மரமே இல்லை. வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே மோன் பிளாங்க் முழுதாகத் தெரியும்.

தாமியே: மௌனத்தின் கணவாய்

தெற்கே ரயில் பாதையிலேயே தொடர்ந்து போனால் ஃபவேர்ஜ் ஊர். அங்கிருந்து சுமார் 400 மீட்டர் ஏறினால் 907 மீட்டர் உயரத்தில் தாமியே கணவாய். வழியில் காட்டின் நடுவே சிஸ்டர்சியன் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. 1132இல் நிறுவப்பட்டது. துறவிகள் பிரார்த்தனையும் உழைப்புமாக வாழ்கிறார்கள். பக்கத்துப் பண்ணைகளின் பாலில் பாலாடைக்கட்டி செய்து விற்று மடத்தை நடத்துகிறார்கள். அவர்களின் குடியிருப்புக்குள் போக முடியாது. தேவாலயத்துக்குள் யாரும் போய் உட்காரலாம். நான் போனபோது நண்பகல் வழிபாடு. வெள்ளை உடையில் வரிசையாக வந்து, மிக மெதுவாகப் பாடி, வந்தபடியே போனார்கள். வியர்வை காயாத சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சைக்கிள்காரர்கள் யாரையும் ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

கால அவகாசம் குறைவு என்றால் துவானிலிருந்து ஆந்த்ரவெர்ன் ஊருக்கு ஏறும் சிறுசாலை போதும். அதைத் தாண்டிப் போக வேண்டிய தேவை கார்களுக்கு இல்லை. ஆகவே அங்கே வீடு உள்ளவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஏறி, அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

போகிறவர்களுக்கு

மே கடைசியிலிருந்து ஜூன் இறுதி வரை, பிறகு செப்டம்பர்: இவைதான் சரியான மாதங்கள். ஜெனிவா விமான நிலையத்திலிருந்து அன்சிக்குப் பேருந்து உண்டு. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போது பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் இருக்கிறதா, பிரேக் கட்டைகள் தேயாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மின்மோட்டார் உள்ள சைக்கிளும் கிடைக்கும். ஏற்றத்துக்குப் பயந்து மேலே போகாமல் இருப்பதைவிட அதில் ஏறுவது எவ்வளவோ மேல்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு ரவுண்டானாக்களில்தான் கவனம் அதிகம் தேவை. அங்கே வலப்புறமாக நுழைந்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு முதல் வழி. ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். மலைச்சாலையில் பின்னால் வந்த வண்டிகள், இடைவெளி கிடைக்கும்வரை ஹாரன் அடிக்காமல் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தன. இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்களும் போட்டுக்கொள்வதே நல்லது. ஊற்றுத் தொட்டிகளில் குடிக்கத் தகாத நீர் என்று பலகை இருந்தால் அதை மதியுங்கள். மேய்ச்சல் வேலியின் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள்.

கரைச்சுற்றை ஒருமுறை ஓட்டுங்கள், காலை ஒன்பதுக்குள். மற்ற நேரத்தையெல்லாம் மலைக்குக் கொடுங்கள். அன்சி ஏரியைக் கெடாமல் காத்தவர்கள் அந்த ஊராட்சிகள்; அந்த அமைதிக்குள் சத்தமில்லாமல் போய்வர ஏற்ற வாகனம் சைக்கிள். காரை வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.